பொலேரோ கூரையில் கனூ: ஆடிக் காற்றுக்கும் அசையாமல் கட்டுவது எப்படி

ஆடியில் நம்ம பக்கத்துக் குளமெல்லாம் வறண்டு கிடக்கும். கனூவில் (ஒடுக்கமான துடுப்புப் படகு) துடுப்புப் போடணும் என்றால் பாளையங்கோட்டையில் இருந்து கேரளத்துப் பூவார் காயலுக்குத்தான் போவேன். வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி. ஆயிரக்கணக்கில் காற்றாலை சுற்றும் கணவாய் அது. அதனால் கட்டு வலுவாக இருந்தே ஆகணும்.

முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பொலேரோ ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். 12 அடி கனூ 3.66 மீட்டர்தான், முன்னும் பின்னும் நீட்டாது. அளவுக்கு மீறி நீட்டினால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள். கனூவைத் தாங்கும் குறுக்குக் கம்பியின் எடையும் அந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது குறுக்குக் கம்பி. கூரையில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். மழைத்தண்ணீர் வடியும் விளிம்பில் கிளாம்ப் போட்டு இரண்டு சதுரக் குழாய்களை முடுக்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். இரண்டுக்கும் நடுவே 3 அடியாவது இடைவெளி வேண்டும். குழாய் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் கனூ வழுக்காது.

கனூவைக் கவிழ்த்து ஏற்றுங்கள். என்னுடையது 27 கிலோ, இரண்டு பேர் போதும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெல்ட். பல்சக்கரப் பிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட் வேண்டாம். அதன் இழுப்பில் ஃபைபர் விரிசல் விடும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் பெல்ட்டே சரி. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ‘ஙொய்ங்’ என்று கத்தாது.

இனி அணியத்துக் கயிறு, அதாவது கனூவின் முன்முனையைக் கட்டும் கயிறு. இதில்தான் நான் தப்புப் பண்ணினேன். பெல்ட் இரண்டும் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று முன்கயிற்றைத் தளர்வாக விட்டுவிட்டேன். பணகுடி தாண்டியதும் ஒரு காற்று, கண்ணாடிக்கு மேலே கனூவின் மூக்கு ஒரு சாண் எழும்பியது. நெஞ்சு பதறிப்போய் ஓரம் கட்டினேன்.

லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைப் போடுங்கள். கயிற்றை அணியத்தில் கட்டி, நடுவில் ஒரு கண்ணி போடணும். நுனியை வண்டியின் இழுவைக் கொக்கியில் விட்டு, திருப்பி மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, கீழே இழுத்து முடிந்துவிடுங்கள். கை பலம் கூடும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் கட்டாதீர்கள், அது பிய்ந்து வந்துவிடும். கனூ வளையும் அளவுக்கும் இழுக்க வேண்டாம். நைலான் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். பின்முனைக்கும் இதே முடிச்சு. மிச்ச நுனி சக்கரத்தில் மாட்டாமல் சுற்றிச் செருகிவிடணும்.

கிளம்பி பத்து கிலோமீட்டரில் ஒருதடவை நிறுத்தி, பெல்ட்டைத் தட்டிப் பாருங்கள். புதுக் கட்டு கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போக வேண்டாம். அப்புறம் காவல்கிணறு விலக்கில், நாகர்கோவில் பக்கம் திரும்பும் முன், இறங்கி முன்கயிற்றை இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுப் போங்கள்.