காரில் ஜிபிஎஸ் ஆன்டெனாவும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும்: நாமே மாட்டுவது எப்படி?

எங்கள் பழைய வேகன் ஆரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ முதலில் ஒரு கடையில்தான் மாட்டினோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாட்டு அருமையாகக் கேட்டது, திரை பளிச்சென்று இருந்தது. மறுநாள் திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தில் போகும்போது திரையைப் பார்த்தால், வண்டி தாமிரபரணிக்குள் போய்க்கொண்டிருந்தது. பாலம் ஒரு பக்கம், நீல அம்பு ஒரு பக்கம். வண்ணார்பேட்டை வந்து சேர்ந்த பிறகும் அம்புக்கு ஆற்றை விட்டு வர மனமில்லை. பின் சீட்டில் இருந்த அம்மா, "குளிச்சிட்டு வரட்டும், விடு" என்றார்.

அந்த வாரம் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தேன். ஜிபிஎஸ் ஆன்டெனாவைச் சுருட்டி, ஸ்டீரியோவின் இரும்புக் கூட்டுக்குப் பின்னால் திணித்து வைத்திருந்தார்கள். வானத்தைப் பார்க்க வேண்டிய சாமானைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதை. எல்லாவற்றையும் கழற்றி நானே மறுபடி மாட்டினேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பொறுமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும்.

வாங்கும்போது

உங்கள் டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் பள்ளத்தை முதலில் அளந்து பாருங்கள். சுமார் 178 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் இருந்தால் அது டபுள் டின். 7 இன்ச் செட் அதில் நேராக உட்காரும். 9 இன்ச், 10 இன்ச் வாங்கினால் உங்கள் வண்டி மாடலுக்கென்றே வரும் பிளாஸ்டிக் ஃபிரேம் தனியாக வேண்டும். பள்ளத்தின் உயரம் 50 மி.மீ. தான் என்றால் அது சிங்கிள் டின். அதற்கு வேறு வகை செட்.

செட்டோடு சேர்த்து வண்டிக்கான வயரிங் கப்ளரையும் கேட்டு வாங்குங்கள். ஒரு முனை கம்பெனி சாக்கெட்டில் மாட்டும், மறு முனை புது செட்டுக்குப் போகும். இந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். கப்ளர் இல்லாமல் கம்பெனி வயரை வெட்டி முறுக்கினால், பின்னால் வரும் கோளாறு எதையும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் டை, சாதாரண மல்டிமீட்டர். டேஷ்போர்டு பட்டைகளை நெம்ப பிளாஸ்டிக் நெம்பி விற்கிறார்கள். இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். வெறும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழுந்துவிடும்.

பேட்டரி முதலில்

பானட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஏன் மைனஸ் முதலில்? வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போதும் மைனஸ் கடைசி.

ஏர்பேக் உள்ள வண்டியென்றால் மைனஸைக் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயர் கட்டு, மஞ்சள் சாக்கெட் கண்ணில் பட்டால் தொடவே கூடாது. அது ஏர்பேக்கின் வயர். மீட்டர் முனையைக்கூட அதில் வைக்காதீர்கள். கீழே ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் பற்றிச் சொல்லப்போகிறேன். அது வேறு, இது வேறு.

பழைய செட்டைக் கழற்றுவது

சுற்றியுள்ள அலங்காரப் பட்டை பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும். ஒரு மூலையில் தொடங்கி மெல்ல நெம்பிக்கொண்டே வாருங்கள். "டப்" என்று சத்தம் வந்தால் பதற வேண்டாம், கிளிப் விடுபடும் சத்தம்தான். உள்ளே செட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். வெளியே இழுப்பதற்கு முன்னும் பின்னும் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். எந்த சாக்கெட் எங்கே இருந்தது என்று சாயங்காலம் ஞாபகம் வராது.

வயர்கள்: நிறம் சொல்லும், மீட்டர் உறுதி செய்யும்

புது செட்டிலிருந்து வரும் வயர்களின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே வழக்கத்தில்தான் இருக்கும். மஞ்சளில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். நேரத்தையும் செட்டிங்கையும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று உண்டு, அது மைனஸ்.

ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பாடியில் எர்த் பண்ணிவிடாதீர்கள். இந்தக் கால செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யும். ஒன்றை எர்த்தில் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஐசி புகையும்.

கப்ளர் இருந்தாலும் மஞ்சளையும் சிவப்பையும் மீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. சில ஐரோப்பிய வண்டிகளில் இரண்டும் இடம் மாறி வரும். அதற்கு மட்டும் பேட்டரியை மாட்டி, மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, சிவப்பு முனையால் வண்டி சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது மஞ்சளுக்கு உரியது. சாவியைத் திருப்பியதும் வந்து, எடுத்ததும் போவது சிவப்புக்கு. பார்த்ததும் பேட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள்.

இரண்டும் மாறிப்போனால் ஒவ்வொரு தடவையும் செட் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக எழும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்? மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செட்டு ஓடத்தான் செய்யும் தம்பி. நாலு நாள் வண்டிய எடுக்காம நிறுத்திப் பாருங்க, அஞ்சாம் நாள் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், பாத்துக்கிடுங்க."

நீல வயர் மோட்டார் வைத்த ரேடியோ ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம் தனி ஆம்ப்ளிஃபையருக்கு. இரண்டும் உங்களிடம் இல்லையென்றால் நுனியை டேப் சுற்றி ஒதுக்குங்கள். செட்டின் ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றி ஓட்டுவது வண்டியைக் கொளுத்தும் வேலை.

ஆன்டெனா: முக்கால்வாசி வேலை இதுதான்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூரையிலோ பானட் பக்கமோ நிற்கும் கம்பி ஆன்டெனா எஃப்எம் ரேடியோவுக்கு, அதாவது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்கு. செட்டோடு வரும் சின்னக் கறுப்புச் சதுரம், தீப்பெட்டி அளவில் இருப்பது, ஜிபிஎஸ்ஸுக்கு. அது கேட்கும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை வைத்து மற்றொன்றின் வேலையைச் செய்ய முடியாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து நம் வண்டிக்கு வந்து சேரும்போது சிக்னல் மிக மிக மெலிந்திருக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அதை விட்டுவிடும், இரும்பு விடாது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். எங்கள் ஆன்டெனா இரும்புக் கூட்டுக்குப் பின்னால் கிடந்தபோது அந்த நாலே தட்டுத் தடுமாறித்தான் கிடைத்தது. அதனால்தான் ஆற்றில் இறங்கினோம்.

சரி, எங்கே வைப்பது? முன் கண்ணாடியின் அடிப்பக்கம், டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்குக் கீழே இடம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மேலே பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மட்டும் இருக்க வேண்டும், இரும்புச் சட்டம் குறுக்கே வரக் கூடாது. கீழே இடம் இல்லையென்றால் டேஷ்போர்டின் மேலேயே ஒரு மூலையில் ஒட்டுங்கள். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் மலிவு டபுள் டேப் இளகி, ஆன்டெனா வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நல்ல டேப்பாகப் போடுங்கள்.

காந்தம் இருக்கும் பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் மேலே, வானத்தைப் பார்த்தபடி. இதைக் கவிழ்த்து வைப்பவர்களும் உண்டு. அடியில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தகரத் துண்டு வைத்து அதன் மேல் உட்கார வைத்தால் சிக்னல் இன்னும் தெளிவாகும். பெயின்ட் டப்பா மூடியை வெட்டி, கூர் முனைகளுக்கு டேப் சுற்றி நான் வைத்திருக்கிறேன்.

பயணி பக்க ஏர்பேக் மூடியின் மேல் வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்துத் திறந்தால் ஆன்டெனா முகத்துக்கு வரும். டேஷ்கேமராவிலிருந்தும், சிகரெட் லைட்டரில் சொருகும் மலிவான சார்ஜரிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். அவை கிளப்பும் இரைச்சல் ஜிபிஎஸ்ஸை அமுக்கிவிடும். முன் கண்ணாடியில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் தடைதான்.

கேபிளை ஸ்டீயரிங் தண்டு, பெடல்களின் பக்கம் போகாமல் மேல் வழியாக இறக்குங்கள். மிச்சக் கேபிளை வெட்டாதீர்கள். அதன் வழியாகத்தான் ஆன்டெனாவுக்கு 3 முதல் 5 வோல்ட் கரண்டும் போகிறது. ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி டை போட்டு ஒதுக்குங்கள். முறுக்கி மடிக்க வேண்டாம். திருகும் முனையைச் செட்டின் ஜிபிஎஸ் சாக்கெட்டில் கை முறுக்காகத் திருகினால் போதும், பிளையர் வேண்டாம்.

மூடுவதற்கு முன் சோதனை

கிளிப், பட்டை எதையும் இன்னும் மாட்டாதீர்கள். பேட்டரியை மாட்டி, செட்டைப் போட்டு, நாலு ஸ்பீக்கரும் கேட்கிறதா, சாவியை எடுத்தால் செட் அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம் வண்டியை வெட்டவெளிக்கு எடுத்துச் செல்லுங்கள். நான் போனது முன்னீர்பள்ளம் பக்கத்து வயல்காட்டு ரோடு. வீட்டு போர்ட்டிகோவில் நின்றுகொண்டு "ஜிபிஎஸ் வரலையே" என்று நினைப்பதில் அர்த்தமில்லை, தலைக்கு மேல் கான்கிரீட்.

ஜிபிஎஸ் டெஸ்ட் வகை ஆப் ஒன்றைச் செட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கம்பம் உயரும். பக்கத்தில் காட்டும் எண் 35-க்கு மேல் இருந்தால் நல்ல சிக்னல். எல்லாம் 25-க்குக் கீழே என்றால் ஆன்டெனா இருக்கும் இடம் சரியில்லை. கம்பமே எழவில்லையென்றால் திருகு முனையைப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வரவே 30 வினாடி ஆகும். நாலைந்து நிமிடம் வண்டியை நிறுத்தி வையுங்கள். அட்சரேகை 8.7, தீர்க்கரேகை 77.7 பக்கத்தில் எண் வந்தால் நீங்கள் திருநெல்வேலியில்தான் இருக்கிறீர்கள்.

பட்டியலில் ஜிபிஎஸ் போல நம் நாடே நடத்தும் நாவிக் அமைப்பின் செயற்கைக்கோளும் தெரியுமா என்று ஆசையாகத் தேடுவீர்கள், நானும் தேடினேன். நாவிக்கின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற வேறு அலைவரிசைகளில் பேசுபவை. ஜிபிஎஸ்ஸின் 1575.42-லும் பேசுவது 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 தான் முதல். நாவிக்கைப் புரிந்துகொள்ளும் சிப் இல்லாத செட்டில் அதுவும் தெரியாது. இத்தனைக்கும் அவற்றை ஏவிய ராக்கெட்டுகளின் திரவ இயந்திரங்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் பணகுடிக்குப் பக்கத்து மகேந்திரகிரியில்தான் இருக்கிறது.

ரோட்டில்

சோதனை ஓட்டத்துக்கு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேலடுக்கில் போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று எந்த செட்டும் குழம்பும், உங்கள் ஆன்டெனா மேல் வீண்பழி விழும். நாலுவழிச் சாலையில் வள்ளியூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். அம்பு சாலையை விட்டு இறங்காமல் வந்தால் வேலை முடிந்தது, பட்டைகளை அழுத்தி மூடலாம்.

என் மாமா கேட்ட கேள்வி ஒன்று: "மாஞ்சோலைக்குப் போனா போன்லயே டவர் இருக்காது, இது மட்டும் எப்படி மருமவனே வேல செய்யும்?" ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். இன்டர்நெட்டில் இருந்து வருவது வரைபடம் மட்டும். ஆகவே மலை ஏறுவதற்கு முந்தின ராத்திரி, வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸில் அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, பாபநாசம் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். டவர் போனாலும் அம்பு நகரும்.

கழற்றிய பழைய ஸ்டீரியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஸ்க்ரூக்களோடு ஒரு மஞ்சப்பையில் கட்டி அலமாரியில் வையுங்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் மாட்டியிருப்பதால், வண்டியை விற்கும் நாளில் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிட்டு, புதுசை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். ஃபிரேமும் கப்ளரும் மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.