நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைப் படிப்பது எப்படி? அன்னாசிப்பூவிலிருந்து ஆரம்பிப்போம்

மாதாமாதம் 15ஆம் தேதியை ஒட்டி மத்திய வர்த்தக அமைச்சகம் முந்தைய மாதத்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை வெளியிடும். மறுநாள் பேப்பரில் 'வர்த்தகப் பற்றாக்குறை எகிறியது' என்று நாலு பத்தி வரும். (ஏற்றுமதியைவிட இறக்குமதி எவ்வளவு அதிகம் என்பதுதான் பற்றாக்குறை.) காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.காம். படிக்கிற பிள்ளைகள்கூட அந்த மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்வதோடு சரி. என்னைக் கேட்டால், மொத்தத் தொகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நன்றாகத் தெரிந்த ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால்தான் இந்தக் கணக்கு பிடிபடும். செட்டிநாட்டில் அதற்கா பஞ்சம்? அடுப்படி மசாலாவில் ஆரம்பித்து முகப்புத் தூண் வரைக்கும் கப்பலில் வந்த சரக்கு இருக்கிறதே!

படி 1: கணக்கு எங்கிருந்து வருகிறது

தூத்துக்குடியிலிருந்து ஒரு கன்டெய்னர் வெளிநாடு போனால் சுங்கத்துறையில் ஷிப்பிங் பில் போட வேண்டும். உள்ளே வந்தால் பில் ஆஃப் என்ட்ரி. நாடு முழுக்க இப்படிப் பதிவாகும் விவரங்களைக் கொல்கத்தாவில் இருக்கும் டி.ஜி.சி.ஐ.எஸ். என்ற மத்திய அலுவலகம் தொகுக்கிறது. அதைத்தான் வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் 'எக்ஸ்போர்ட் இம்போர்ட் டேட்டா பேங்க்' பகுதியில் பார்க்கிறோம். காசு கட்ட வேண்டியதில்லை.

படி 2: சரக்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

அங்கே பெயரைவிட எண்தான் முக்கியம். எச்.எஸ். கோடு என்பார்கள். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. உலகச் சுங்க அமைப்பு வகுத்தது. இந்தியா அதை எட்டு இலக்கமாக நீட்டி வைத்திருக்கிறது.

செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற அன்னாசிப்பூவையே எடுத்துக்கொள்வோம். 09 என்பது காபி, டீ, மசாலாப் பொருட்களின் அத்தியாயம். 0909க்குப் போனால் சோம்பு, சீரகம், மல்லி வகையறா. இன்னும் உள்ளே 090961. இங்கேதான் கவனம் வேண்டும். இந்த ஆறு இலக்கத்தில் அன்னாசிப்பூவும் சோம்பும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. சோம்பு நம் நாட்டிலேயே விளைந்து வெளியே போகிற சரக்கு; அன்னாசிப்பூ வியட்நாம், சீனாவிலிருந்து வருகிற சரக்கு. ஆறு இலக்கத்தோடு நின்றுவிட்டால், 'அன்னாசிப்பூ ஏற்றுமதியில் இந்தியா சக்கைப்போடு போடுகிறது' என்று எழுதிவிட்டு முழிக்க வேண்டியதுதான். எட்டு இலக்கம் வரை இறங்கினால் பிரித்துப் பார்க்கலாம்.

ஆத்தங்குடிக் கல்லைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சூளையில் சுடாத சிமென்ட் தரைக்கல். அதனால் செராமிக் டைல்ஸ் இருக்கும் 69இல் தேடாதீர்கள். 6810இல் மற்ற சிமென்ட் சாமான்களோடு கலந்து கிடக்கும்.

படி 3: நாட்டையும் ஆண்டையும் போடுங்கள்

சரக்கு எண், நாடு, ஆண்டு மூன்றையும் சேர்த்துக் கேட்கிற வசதி உண்டு. ஆண்டு என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை.

தேக்கை வைத்துப் பழகலாம். இந்தப் பக்கத்து வீடுகளின் தூணும் நிலையும் பர்மாத் தேக்கு என்பது ஊரறிந்த சங்கதி. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் வெட்டிய உருட்டு மரத்தை வெளியே அனுப்பத் தடை போட்டது. நம் நிதியாண்டு தொடங்கும் நாளும் அதுதான் என்பதால் 2013-14, 2014-15 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். ஆனால் உருட்டு மரத்தின் எண் 4403. அறுத்த மரம் 4407, வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு 4408. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பர்மா மர வியாபாரமே படுத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

நாட்டின் பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. சுவிட்சர்லாந்திலிருந்து நமக்கு ஏகப்பட்ட தங்கம் வருகிறது. அங்கே இருப்பது சுத்திகரிப்பு ஆலைகள். தங்கம் வெட்டப்படுவது வேறெங்கோ. நெதர்லாந்துக்கு நாம் அனுப்பும் டீசலையும் அந்தச் சின்ன நாடே எரித்துத் தீர்ப்பதில்லை. ராட்டர்டாம் துறைமுகம் வழியாக ஐரோப்பாவின் மற்ற இடங்களுக்கும் போகிறது.

படி 4: மதிப்பையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 2023-24இல் இந்தியாவின் தங்க இறக்குமதி சுமார் 4,550 கோடி டாலர். 2024-25இல் சுமார் 5,800 கோடி டாலர். 27 சதவீத ஏற்றம். 'ஆச்சிமார் நகை வாங்கிக் குவிக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். எடையைப் பார்த்தால் 795 டன்னிலிருந்து 757 டன்னாக இறங்கியிருக்கிறது. வந்தது குறைவு, கொடுத்தது அதிகம்.

மதிப்பை எடையால் வகுத்துப் பாருங்கள்: கிராமுக்குச் சுமார் 57 டாலராக இருந்தது 77 டாலர் ஆகிவிட்டது. (சுத்திகரிக்காத தங்கமும் இதில் சேர்வதால் இதைக் கடைவீதி விலையோடு ஒப்பிடாதீர்கள்.) எந்தச் சரக்கை எடுத்தாலும் இந்த வகுத்தலைச் செய்யாமல் 'கூடியது', 'குறைந்தது' என்று பேசாதீர்கள்.

ரூபாயில் பார்ப்பதா, டாலரில் பார்ப்பதா? பல ஆண்டுகளை ஒப்பிட டாலரே மேல். ரூபாய் சரிந்தால், அதே சரக்கு அதே விலைக்குப் போனாலும் ரூபாய்க் கணக்கு வளர்ந்த மாதிரி காட்டும். பில்லியன் என்று இருந்தால் 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பற்றாக்குறைக்கு வருவோம்

ஏற்றுமதிக்குக் கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பைத்தான் போடுகிறார்கள். இறக்குமதியில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்துவிடும். அதனால் வியட்நாம் 'இந்தியாவுக்கு அனுப்பினேன்' என்று காட்டும் தொகையும் நாம் 'வந்தது' என்று காட்டும் தொகையும் ஒத்துப்போகாது. உடனே யாரோ கள்ளக்கணக்கு எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

2023-24இல் சரக்கு வணிகத்தில் பற்றாக்குறை சுமார் 24,000 கோடி டாலர். அதே ஆண்டில் மென்பொருள் போன்ற சேவைகளில் சுமார் 16,000 கோடி டாலர் உபரி. சேவைகள் சுங்கத்துறை வழியாகப் போவதில்லை. அந்தக் கணக்கு ரிசர்வ் வங்கியிடமிருந்து வருகிறது. ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு லாபநஷ்டம் பேச முடியாது. அதிலும் பற்றாக்குறை என்றால் நஷ்டம் என்றே அர்த்தமில்லை. வாங்கியது கச்சா எண்ணெயா, இயந்திரமா, தங்கமா என்பதைப் பொறுத்தது.

படி 6: மாதக் கணக்கென்றால் கொஞ்சம் பொறுங்கள்

2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. பண்டிகைக்கு முன்னால் வந்து இறங்குகிற சரக்கை நவம்பருக்கு நவம்பர் ஒப்பிட்டால் கணக்கு இடறும். மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

அப்புறம், முதலில் வெளியாவது தற்காலிகக் கணக்கு. 2024 நவம்பரில் தங்க இறக்குமதி சுமார் 1,486 கோடி டாலர் என்று வந்து நாடே பரபரத்தது. பிறகு, பதிவு முறை மாறியதில் சில இறக்குமதிகள் இரண்டு தடவை ஏறிவிட்டன என்று தெரிந்து, சுமார் 984 கோடி டாலராகத் திருத்தினார்கள். ஒரே சரக்கில், ஒரே மாதத்தில் 500 கோடி டாலர் வித்தியாசம்! அந்த மாதத்தின் பற்றாக்குறையும் அந்த அளவுக்கு இறங்கியது. முதலில் வந்த தலைப்பை மட்டும் படித்தவர்கள் இன்னும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எக்செலில் ஒரு எண்ணை ஏற்றும்போது, அதை எடுத்த தேதியையும் பக்கத்துக் கட்டத்தில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே எண்ணை மறுபடி எடுத்து, மாறியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.