கான்கிரீட்டை வெட்டுமுன்: வீடு புதுப்பிக்கும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பெல்லாம் வீட்டில் ஒரு குழாய் போக வழி வேண்டுமென்றால் உளியும் சுத்தியலும்தான். ஓர் ஆள் உட்கார்ந்து அரை நாள் கொத்துவார். கம்பி தட்டுப்பட்டால் உளி நின்றுவிடும், அவரும் நின்று மேஸ்திரியைக் கூப்பிடுவார். இப்போது வட்டமாக அறுத்துத் துளை போடும் கோர் கட்டிங் மெஷினும் டைமண்ட் பிளேடு பூட்டிய கட்டரும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, அவை கம்பி வந்தாலும் நிற்பதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், நாங்கள் ஆரம்ப காலத்தில் மெதுவாகச் செய்த தவறுகளையே வேகமாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி போடுங்கள், கட்டரின் பிளேடு மறைப்பைக் கழற்றாதீர்கள் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, வேலை தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன். வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பது நல்லது, ஏனென்றால் "இங்கே ஒரு காடி எடுத்துக் கொடுங்கள்" என்று, அதாவது நீளவாட்டில் ஒரு பள்ளம் வெட்டித் தரும்படி சொல்வது பெரும்பாலும் அவர்கள்தாம்.

பில்லரில் துளை போடுவது

போடக்கூடாது. ஏசி குழாய்க்கும் இல்லை, ஒயருக்கும் இல்லை, "சின்னதாக ஒன்று மட்டும்" என்பதற்கும் இல்லை. பீம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, இடமும் அளவும் எழுதிக் கொடுத்த பிறகு பேசலாம்.

பால்கனித் தரையில் காடி எடுப்பது

இதைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு வீட்டில் இதே தவறு நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு அதே எரிச்சல் வருகிறது.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கத்தில் கம்பியை வைக்கிறார்கள். அறையின் கூரைத் தளம் சுற்றிலும் சுவரிலோ பீமிலோ உட்கார்ந்திருப்பதால் அது நடுவில் கீழ்நோக்கித் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். அங்கே முக்கியக் கம்பிகள் அடியில் இருக்கும். பால்கனியும் சன்ஷேடும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒரு பக்கம் மட்டும் வீட்டோடு பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நீண்டிருப்பவை. நிறைகுடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோளின் மேல்பக்கத்தில்தானே இழுக்கிறது, பால்கனியிலும் இழுப்பு மிக அதிகமாக இருப்பது சுவரை ஒட்டிய இடத்தில், மேல்பக்கத்தில். அதனால் அதன் முக்கியக் கம்பிகள் நாம் நிற்கும் தரைக்குச் சற்றுக் கீழே கிடந்து, சுவரைக் கடந்து அறைத் தளத்துக்குள் போகின்றன. வெளியே நீண்டிருக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போய்ப் பிடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

அந்தக் கம்பிக்கு மேலே கான்கிரீட் எவ்வளவு இருக்கும்? ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதியின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டரும், கடற்காற்று நேரடியாகப் படும் இடங்களில் 45 மில்லிமீட்டரும் கவர் கேட்கிறது. பழைய வீடுகளில் கம்பியை மிதித்து நடந்தும், கம்பிக்கு இடைவெளி தரும் கவர் பிளாக் வைக்காமல் விட்டும் இந்த அளவு எப்படியெல்லாமோ மாறியிருக்கும்.

புதியவர்கள் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். பழைய டைல்ஸும் அதன் அடியிலுள்ள கலவையும் சேர்ந்து 50 மி.மீ. வரை கனம் இருக்கும். அவ்வளவு கனம் இருக்கும்போது 40 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்தால் பிளேடு கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை, கேடு ஒன்றும் இல்லை. டைல்ஸை மாற்றுவதற்காக எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, கான்கிரீட் முகம் தெரியும்படி கூட்டிச் சுத்தம் செய்த பிறகு அதே 40 மி.மீ. காடியை எடுத்தால், மேல்கம்பிகள் வரிசையாக அறுந்துவிடும். போன வீட்டில் இதே ஆழத்தில்தான் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே என்று வெட்டுகிற பையன் சொல்வது பொய்யல்ல.

சென்னைக்குத் தெற்கே கடலோரமாக ஒரு மாடி வீட்டில் இப்படித்தான் நடந்தது. பால்கனியில் அடிக்கும் மழைத்தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க, கண்ணாடிக் கதவை ஒட்டி நீளமான வடிகால் ஒன்று வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்பினார். அழகான யோசனைதான், ஆனால் பால்கனியில் எங்கே வெட்டவே கூடாதோ சரியாக அந்தக் கோட்டில் அது வருகிறது. வெட்டப் போன பையன் பாதி வேலையில் போன் செய்து, "அண்ணே, கம்பி வருதுண்ணே, ஆனா சின்னக் கம்பிதான், எட்டு எம்எம்தான், வெட்டிட்டே போறேன்" என்றான். நான் போய்ச் சேர்வதற்குள் கோடு முடிந்துவிட்டது. வெட்டும்போது தூளும் தண்ணீரும் கலந்து வரும் சிமெண்ட் பாலைக் கழுவிவிட்டுப் பார்த்தால், காடியின் பக்கவாட்டில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டுப்பட்ட கம்பி முனைகள் மினுங்கின. பால்கனியை வீட்டோடு பிடித்துவைத்திருந்தவை அந்தச் சின்னக் கம்பிகள்தாம். மறுமுனையிலோ செங்கல் கைப்பிடிச் சுவர் நிற்கிறது. அரைச்செங்கல் சுவர் மூன்றடி உயரம் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 200 கிலோவுக்கு மேல் எடை வரும்.

அது உடனே விழுந்துவிடவில்லை. இதனால்தான் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்று நினைக்கிறேன். கம்பி அறுந்த பால்கனி கொஞ்ச காலம் கான்கிரீட்டின் பிடிப்பிலேயே நிற்கக்கூடும். வெட்டியவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். டைல்ஸ் ஒட்டிய பிறகு விரிசல் விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது. அங்கே அன்று மாலைக்குள் கீழிருந்து ஜாக்கி முட்டுகள் கொடுத்து, பால்கனிக்குக் கீழே ஆள் நடமாடாதபடி கயிறு கட்டினோம். பொறியாளர் வந்து கைப்பிடிச் சுவரை முதலில் இறக்கச் சொன்னார். அறுந்த கம்பியோடு புதுக் கம்பியை வெறுமனே தொட்டுவைத்தால் இழுப்பு கடந்து போகாது, 8 மி.மீ. கம்பிக்கு வெட்டின் இரண்டு பக்கமும் சுமார் 400 மி.மீ. நீளம் ஒட்டிக் கிடக்க வேண்டும். ஆகவே அந்த அகலத்துக்குக் கான்கிரீட்டைப் பக்குவமாகக் கொத்திக் கம்பியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது, அறைக்குள் அப்போதுதான் பதித்திருந்த டைல்ஸும் அதோடு போயிற்று. காடி எடுத்த கூலி சரிசெய்த செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அந்த வடிகாலைப் புது டைல்ஸுக்கு அடியில் போடும் கலவையின் கனத்துக்குள்ளேயே அமைத்திருக்கலாம், அல்லது தரையின் வாட்டத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி விளிம்புப் பக்கத்தில் ஒரே ஒரு துளை போட்டிருக்கலாம். அந்த ஒரு துளைக்கும் முதலில் கம்பி காட்டும் கருவியை இரண்டு திசையிலும் ஓட்டி, கம்பி போகும் இடங்களைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கம்பிகளுக்கு இடையே 150 மி.மீ. இருந்தால் இரண்டரை அங்குலத் துளை தாராளமாக நடுவில் இறங்கும்.

கருவி தவறினாலும் மெஷின் சொல்லிவிடும், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கோர் பிட் கான்கிரீட்டில் இறங்கும்போது பால்போல் சாம்பல் நிறத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். கம்பியைத் தொட்டதும் பிட் இறங்கும் வேகம் குறைந்து, சத்தம் மாறி, தண்ணீர் தெளியத் தொடங்கும். விரலில் தொட்டுப் பார்த்தால் மெல்லிய இரும்புத் துகள் ஒட்டும். அந்த நேரத்தில் இன்னும் அழுத்துவது பழக்கம், நிறுத்துவதுதான் வேலை.

மூலையைத் தாண்டி ஓடும் பிளேடு

தளத்தில் சதுரமாகத் திறப்பு எடுக்கும்போது, பிளேடு வட்டமாக இருப்பதால், மேலே மூலைப்புள்ளியில் நிறுத்தினால் அடியில் கான்கிரீட் அறுபடாமல் மிச்சம் நிற்கும். அதையும் அறுக்க வேண்டுமென்று புதியவர்கள் கோட்டைத் தாண்டி அரை அடி ஓட்டிவிடுவார்கள். திறப்புக்கு வெளியே இருக்க வேண்டிய கம்பிகள் இதில் அறுந்துபோகின்றன. போதாக்குறைக்கு, விரிசல் கிளம்பத் தோதான கூர்மூலையும் அமைந்துவிடுகிறது. பின்னால் அங்கிருந்து குறுக்காக ஓடும் விரிசலை எந்தப் பூச்சும் மறைக்காது. முதலில் நான்கு மூலையிலும் கோர் துளை போட்டுவிட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுத்தால் பிளேடு தாண்டவேண்டிய தேவையே வராது. துளைக்குத் தனிக் காசா என்று கேட்பவருக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

அறுத்த துண்டின் எடை

கான்கிரீட் ஒரு கன அடி ஏறக்குறைய 70 கிலோ. ஐந்து அங்குலத் தளத்தில் மூன்றடிக்கு மூன்றடி துண்டு 260 கிலோவைத் தாண்டும். கீழே முட்டுக் கொடுக்காமல் கடைசிக் கோட்டை அறுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதை அவரே ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு துண்டுகளாக அறுத்து எடுப்பதே சரி. ஆறு அங்குலத் துளையிலிருந்து விழும் கோர் துண்டு ஒன்றுகூட ஐந்தரைக் கிலோவுக்குக் குறையாது. மேல்மாடியில் துளை போடும்போது கீழறையில் ஆளில்லை என்பதைக் கதவைச் சாத்தி உறுதிசெய்துவிட்டு, பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்திய பிறகே மெஷினைப் போட வேண்டும்.

எல்லாச் சுவரும் செங்கல் சுவர் என்று நினைப்பது

சென்னையைச் சுற்றிலும் புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் "மைவான்" என்று வழக்கில் சொல்லப்படும் அலுமினிய அச்சு முறையில் சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். அங்கே படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர்கூட மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். கதவை அரை அடி அகலமாக்குவது உங்கள் வீட்டு விஷயம் மட்டுமல்ல, உங்களுக்கு மேலே குடியிருப்பவர்களின் விஷயமும்கூட. பழைய பில்லர் இல்லாத ஒன்பது அங்குலச் சுவர் வீடுகளும் இதே வகைதான்: திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் புது லிண்டலை நுழைத்து, அது இரண்டு பக்கமும் சுவரில் நன்றாக உட்கார்ந்து, கலவை இறுகும்வரை முட்டுகளைக் கழற்றக்கூடாது.

செங்கல் சுவரில் ஒயருக்குக் காடி எடுப்பதிலும் வரம்பு உண்டு. நேராக மேலிருந்து கீழே என்றால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கைவாட்டில் ஆறில் ஒரு பங்கு என்பது நாங்கள் கடைப்பிடிப்பது. நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் 19 மி.மீ.தான் கிடைக்கிறது, 20 மி.மீ. பைப்பே அதில் மறையாது. ஆகவே கூரை வரை ஏற்றி, மேலே கொண்டுபோய், வேண்டிய இடத்தில் இறக்குங்கள்.

ஏசி துளை

மட்டமாகப் போடாதீர்கள். வெளிப்பக்கம் சிறிது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் சுவருக்குள் தண்ணீர் இறங்கும், ஏசி மெக்கானிக்கைத் திட்டுவார்கள்.

கையில் பிடித்துக் கோர் போடுவது

நான்கு அங்குலத்துக்கு மேல் ஸ்டாண்டு இல்லாமல் போடவே கூடாது. பிட் கம்பியில் சிக்கினால் சுழல்வது மெஷின், முறிவது மணிக்கட்டு. ஸ்டாண்டை இறுக்கும் ஆங்கர் போல்ட்டு செங்கல்லில் பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்கவும்; அங்கே சுவரைக் கடந்து போகும் நீளப் போல்ட்டுதான் சரிவரும்.

சிமெண்ட் பால்

குளியலறைத் தரைத் துளைக்குள் தள்ளிவிட்டால் அது குழாய்க்குள் போய் அடியில் படிந்து இறுகும். அடைப்பு எடுக்க வருபவரின் கம்பியும் அதைத் துளைக்காது. துளையைத் துணியால் இறுக அடைத்து, சுற்றிலும் மணலால் அணை கட்டி, வாக்குவத்தால் உறிஞ்சி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

தண்ணீர் விடாமல் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். மணலிலும் ஜல்லியிலும் உள்ள சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத தூசாக நுரையீரலுக்குள் போனால் வரும் சிலிக்கோசிஸ் குணமாகாத நோய், அந்த அளவுத் தூசைக் கைக்குட்டை தடுக்காது. தண்ணீர் விட முடியாத இடத்தில் தூசு உறிஞ்சும் கவசம் பொருத்திய கட்டரும் என்95 முகக்கவசமும் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஈரத்தில் வெட்டும்போது மின் இணைப்பு, மின்கசிவு வந்தால் தானே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும்.

துளையை அடைப்பது

நான்கு அங்குலக் கழிவுக்குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ. ஐந்து அங்குலத் துளையில் அது நுழையும், ஆனால் சுற்றிலும் 8 மி.மீ.தான் இடைவெளி கிடைப்பதால் கலவை அடிவரை இறங்காது. ஆறு அங்குலம் போட்டால் கலவை இறங்கும், ஒரு கம்பியாவது அநேகமாக அறுபடும். ஆகவே கழிவறையின் இடத்தை மாற்றும் வேலைக்குப் பொறியாளரை முன்பே கேட்டுவிடுவது நல்லது. அறுபட்ட கம்பி முனைகளில் துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும், கடலோரத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. அதன் பிறகு சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணித்து மேலே கொஞ்சம் பூசிவிட்டுப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு, அடியில் பலகை அடித்து, துளையின் வழவழப்பான பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கிரவுட் என்னும் சுருங்காத கலவையை ஊற்ற வேண்டும். அது இறுகிய பிறகு தரையில் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்று பார்த்துவிட்டு டைல்ஸ்காரரை வரச் சொல்லுங்கள்.