ராஜ்மாவை விட்டும் போகாத வாயு

டெல்லிக்கு வந்ததிலிருந்து சாயங்காலமானால் வயிறு உப்பிக்கொள்ளும், வாயுத் தொல்லையில் மெட்ரோவில் நிற்கவே முடியாது. முதல் சந்தேகம் ராஜ்மா மேல்தான். அதிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைப் பிரிக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது, அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே பாக்டீரியா புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்புகின்றன. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தேன், கொஞ்சம் குறைந்தது. அப்புறம் ராஜ்மாவையே விட்டேன், பாலை நிறுத்தினேன், ம்ஹூம். ஓமத் தண்ணீர் அந்த நேரத்துக்கு இதம், அவ்வளவுதான்.

விநோதம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக்கில் அத்தை வீட்டில் வெங்காய சாம்பார், சுண்டல் என்று வெளுத்துக்கட்டினாலும் ஒன்றும் ஆகாது. வேலை நாளில் மட்டும் என்ன கூடுதல் என்று தேடியபோதுதான் ஆபீஸ் டிராயரில் இருந்த சர்க்கரையில்லாத சூயிங்கம் கண்ணில் பட்டது. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் சார்பிட்டால், 420. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு அது, 420 என்பது அதன் குறியீட்டு எண். இதைச் சிறுகுடல் முழுசாக உறிஞ்சுவதில்லை, மிச்சமெல்லாம் ராஜ்மா சர்க்கரை போகும் அதே வழியில்தான் போகிறது. மெல்லும்போது விழுங்கும் காற்று வேறு.

நிறுத்திய வாரமே உப்புசம் அடங்கியது, அப்பாடா! இப்போது சாப்பிட்டதும் சோம்புதான். ராஜ்மா சாவலும் திரும்ப வந்துவிட்டது, ஊறவைத்த தண்ணீரை மட்டும் மறக்காமல் கொட்டுகிறேன். அதே வகை இனிப்பான மால்டிட்டால், 965 என்றிருந்தாலும் இதே கதைதான், சர்க்கரையில்லாத பிஸ்கட், மிட்டாய் டப்பாக்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.