சிம்சிட்டி 4 பிளகின்களைச் சேமிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003-இல் வந்த, நகரம் கட்டும் கணினி ஆட்டமான சிம்சிட்டி 4-ஐ இன்றும் பலர் ஆடுகிறார்கள் என்றால், அதற்கு முதல் காரணம் ரசிகர்கள் செய்து கொடுத்த பிளகின்கள், அதாவது ஆட்டத்தில் சேர்க்கும் கூடுதல் கோப்புகள்தான். அவற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களே தெரியாமல் சிலவற்றை அழித்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, பதிவிறக்கிய ஜிப்பைப் பிரித்ததும், அதிலுள்ள ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைத் தூக்கிப் போடுவது. ஒரு கட்டடம் தனியாக வேலை செய்யாது. அதன் உருவம் ஒரு கோப்பில் இருக்கும். சுற்றியுள்ள மரமும் வேலியும் வேறு ஒருவர் செய்த ப்ராப் (அலங்காரப் பொருள்) தொகுப்பில் இருக்கும், தரையின் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) இன்னொன்றில். உருவக் கோப்பு இல்லையென்றால் நகரத்தில் பழுப்பு நிறப் பெட்டிதான் நிற்கும். ப்ராப் தொகுப்பு இல்லையென்றால் கட்டடத்தைச் சுற்றி வெறும் தரை. எந்தெந்தத் தொகுப்பு வேண்டும் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த ரீட்மீயில் மட்டும்தான். அதனால் வந்த ஜிப்பை வந்தபடியே வையுங்கள். ஆடுவதற்கு வேறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அழகுக்காகப் பெயர் மாற்றுவது. ஆட்டம் கோப்புகளை அகர வரிசையில் படிக்கிறது. ஒரே அடையாள எண் இரண்டு கோப்புகளில் இருந்தால், கடைசியில் படித்ததுதான் செல்லும். சிலர் தங்கள் கோப்புப் பெயரின் முன்னால் 'இசட்' எழுத்தைப் போடுவது இதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் மாட் (ஆட்டத்தை மாற்றும் பிளகின்) நிறுவியிருந்தும் வேலை செய்யாது, ஏன் என்றும் புரியாது. உங்கள் சேமிப்புக்கு நீங்கள் எழுதும் பட்டியலில் பெயர் வேறாக இருக்கட்டும், கோப்பின் பெயரைத் தொட வேண்டாம்.

ஆட்டம் வேகமாகத் திறக்க டேட்பேக்கர் என்ற கருவியைக் கொண்டு நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒன்றாக்குவது நல்ல வழிதான். ஆனால் அப்புறம் மூலக் கோப்புகளை அழித்துவிட்டால், எது யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு.

புதிய பதிப்பு வந்ததும் பழையதை அழிப்பதும் வேண்டாம். சாலை, ரயில் பாதைகளை விரிவாக்கும் நெட்வொர்க் ஆட்ஆன் மாட் போன்ற பெரிய மாட்களில் பதிப்பு மாறினால், பழைய நகரத்தில் போட்ட சாலைகள் உடையலாம். பட்டியலில் பதிப்பு எண், செய்தவர் பெயர், தேவைப்படும் தொகுப்புகள், ஆட்டத்துக்குள் எடுத்த ஒரு படம், இவ்வளவும் இருந்தால் போதும்.

கடைசியாக, அனுமதி. மறுபதிவேற்றம் கூடாது என்று செய்தவர் எழுதியிருந்தால், உங்கள் வட்டில் பத்திரமாக வையுங்கள், பொதுவில் ஏற்றாதீர்கள். அவரை இன்னும் அணுக முடிந்தால் இப்போதே கேட்டு, அவர் தரும் பதிலையும் அந்த ஜிப்போடு சேர்த்து வையுங்கள்.