கட்டுமுன் கோடு போட்டு நடந்து பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கோயில் மண்டபம் கட்டும்போது, வரைபடத்தை நிர்வாகத்தில் நாலு பேர் பார்ப்பதோடு சரி. அன்னதானத்துக்குச் சமைக்கிற அக்காமார்களிடமும் சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவிடமும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் தாளைப் பார்த்து அளவு புரியாது.

அதனால் திடலிலேயே சுண்ணாம்புத் தூளால் அறைகளை முழு அளவில் கோடு போடுங்கள். கதவுக்கு இடைவெளி விடுங்கள், அடுப்பு வரும் இடத்தில் நாற்காலி வையுங்கள். பிறகு இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து பந்திக்கு நடக்கட்டும். எங்கே திரும்ப இடமில்லை என்பது உடனே தெரிந்துவிடும்; அங்கே கோட்டை மாற்றிப் போடுங்கள். சாய்தளத்தை மறக்கவே கூடாது. 1-க்கு 12 சரிவு என்றால், ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். கடைசியில் கிடைத்த இடத்தில் செங்குத்தாக ஒட்டவைத்தால் வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள்.

1976-இல் மெக்சிகோ நாட்டின் மெக்சிகாலி நகரில் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து, அவர்களுடைய வீடுகளை அவர்களே வடிவமைக்கும்படி செய்தார். நம்மாலும் முடியும்.

மாற்றிய கோடுகளை அளந்து, படம் எடுத்து ஆர்க்கிடெக்டிடம் கொடுங்கள். நகராண்மைக் கழகத்துக்கு வரைபடம் போவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.