லீவு வேலைக்கு மெயில் அனுப்பப் போகிறீர்களா?

சப்ஜெக்ட் இடத்தைக் காலியாக விடாதீர்கள், ‘வேலை வேண்டி’ என்று மொட்டையாகவும் போடாதீர்கள். ‘மே மாதத்தில் கணக்குப் பிரிவில் தற்காலிக வேலை: பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி’ என்றிருந்தால் மெயிலைத் திறக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

உள்ளே சுயபுராணம் வேண்டாம். ‘நான் கடின உழைப்பாளி’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், யார் நம்புகிறார்கள்? செய்யத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இப்படி:

‘வணக்கம். மே 5 முதல் 31 வரை எனக்குக் கல்லூரி விடுமுறை. டேலியில் பில் என்ட்ரி போடுவேன், எக்செல்லில் ஸ்டாக் பட்டியல் தயாரிப்பேன். தங்கள் நிறுவனத்தில் அந்த நாட்களில் உதவியாளர் வேலை இருக்குமா? பயோடேட்டா இணைத்துள்ளேன்.’

இவ்வளவு போதும். கீழே முழுப்பெயர், கல்லூரி, போன் நம்பர். தேதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். எத்தனை நாள் வருவீர்கள் என்று தெரியாமல் யாரும் வேலை தர மாட்டார்கள். சம்பளப் பேச்சை அவர்கள் கூப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பயோடேட்டா பிடிஎஃப் ஆக இருக்கட்டும், ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். ‘நியூ ஃபைனல் 2’ என்று வந்தால் அது யாருடையது என்று அவர்கள் எங்கே போய்த் தேடுவது?

ஒரே மெயிலில் பத்து கம்பெனி முகவரிகளையும் போட்டு அனுப்புவது கூடவே கூடாது. தனித்தனியாகவே அனுப்புங்கள்.

ஜிமெயில் செட்டிங்ஸில் ‘அன்டூ சென்ட்’ (அனுப்பிய மெயிலை உடனே நிறுத்தித் திரும்பப் பெறும் வசதி) நேரத்தை 30 விநாடியாக மாற்றிவிடுங்கள். பயோடேட்டாவை இணைக்க மறந்தது, அனுப்பு பட்டனைத் தட்டிய பிறகுதான் பெரும்பாலும் ஞாபகம் வரும்.